பதினாலு ஊசி

சின்னப்பன் பாலில் தண்ணீர் கலப்பான் என்பது எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். அவனும் அதை மறைத்ததில்லை. "லிட்டருக்கு ஒரு கிளாஸ் சார், அதுக்கு மேல ஊத்தினா மாதா கண்ண நோண்டிடுவா" என்று சிரித்துக்கொண்டே ஊற்றுவான். கலப்படத்திலும் ஒரு நியாயம் வைத்திருந்தவனோடு யார் சண்டை போட முடியும்? முடிச்சூர் ரோட்டிலிருந்து ஏரிப் பக்கமாக இறங்கும் எங்கள் தெருவில் அப்போது பதினோரு வீடுகள். பதினோரு வீட்டுக்கும் அவன் பால்தான்.

செவலை என்று ஒரு பசுவும், பெயரில்லாத ஓர் எருமையும் வைத்திருந்தான். கறப்பது அவன் மனைவி செல்வமேரி. செவலை அவள் கைக்கு மட்டும்தான் பால் விடும். வேறு யாராவது குந்தினால் ஒரே உதையில் சொம்பு பறந்துவிடும். மேரி ஏதோ மாதா பாட்டை மூக்காலேயே இழுத்துக்கொண்டு கறப்பாள். காலையில் கண் விழிக்கும்போது அந்த இழுவை காதில் விழுந்தால் மணி ஐந்தே முக்கால் என்று அர்த்தம். நான் பல்லாவரத்தில் ஒரு தோல் கம்பெனியில் டெஸ்பாட்ச் கிளார்க். சாம்பசிவன் என்று பெயர். தெருவில் 'சார்' என்றால் நானும், கோடி வீட்டு ஞானஜோதி டீச்சரின் புருஷனும்தான்.

எண்பத்தைந்து ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டு விடவே இல்லை. ஏரி ரொம்பி, ரோட்டோரப் பள்ளமெல்லாம் ஒன்றாகி, சைக்கிளை உருட்டிக்கொண்டுதான் போக வேண்டியிருந்தது. அப்படி ஒரு காலையில் சின்னப்பன் கேன் இல்லாமல் வந்து நின்றான். தலையில் உரச் சாக்கு. வலது கையில் கட்டு.

"சார், ஒரு நிமிசம் வெளிய வாங்க."

"என்ன சின்னப்பா, பால் எங்க?"

"பாலு இல்ல சார். செவல செத்துப்போச்சி."

"ஐயையோ. எப்போ?"

"நேத்து. சார், நான் சொல்றத பொறுமையா கேளுங்க. புரட்டாசில ஏரிக்கரைல கட்டியிருந்தப்போ ஒரு நாயி அது மூஞ்சில கடிச்சிட்டு ஓடிச்சி. மேரி மஞ்சளும் சுண்ணாம்பும் வெச்சி வுட்டுச்சி, நாங்களும் மறந்துட்டோம். இப்ப நாலு நாளா ஒண்ணும் துன்னல. வாயில ஜொள்ளு ஊத்திகினே இருந்திச்சி. பிளாஸ்டிக் பேப்பரு ஏதோ முயுங்கிடுச்சின்னு நான் தொண்டைக்குள்ள கைய வுட்டுப் பார்த்தேன். பல்லு கீறிடுச்சி. அப்புறம்தான் மாட்டு டாக்டரு வந்து பார்த்தாரு. அது வெறி நாயாம் சார்."

எனக்கு அவன் மாட்டைவிட என் காபிதான் முதலில் நினைவுக்கு வந்தது. அதை மறைப்பதில் பயனில்லை.

"நாங்க குடிச்ச பால்?"

"அதான் சார் சொல்ல வந்தேன். முந்தாநேத்து வரைக்கும் அந்தப் பாலுதான் ஊத்தினேன். ஆஸ்பத்திரில போயி கேட்டேன். கம்பவுண்டரு சொல்லிட்டாரு. பாலு குடிச்சவங்க அத்தினி பேரும் தொப்புள சுத்தி பதினாலு ஊசி போட்டுக்கணுமாம். ஒண்ணு கூட வுடக்கூடாதாம். வூடு வூடா சொல்லிகினு வர்றேன் சார்."

பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும். அது என் பிறவிக் குணம்.

"நல்லா இருக்கே நியாயம்! பால்காரன் சொன்னான்னு பதினோரு வீடும் வயித்தைத் திறந்து காட்டிட்டு நிக்கணுமா? உன் சம்சாரம் போட்டுக்கிட்டாளா? அவ குடிக்காத பாலா? முதல்ல அவ பதினாலும் போட்டுக்கட்டும். அப்புறம் நாங்க போட்டுக்கிறோம்."

மழைத்தண்ணீர் சாக்கிலிருந்து சின்னப்பனின் மூக்கு நுனிக்குச் சொட்டிக்கொண்டிருந்தது.

"போட்டுக்கும் சார். நாளைக்கே போட்டுக்கும். பதினாலும் போட்டுக்கும். நீங்களும் வந்துடுங்க சார். தண்ணி கலப்பேன், இல்லன்னு சொல்லல. இதுல பொய் சொல்ல மாட்டேன்."

அடுத்த வீட்டு வாசலில் அவன் பேசியது எனக்குக் கேட்டது. "என் பொண்டாட்டியே போட்டுக்குதும்மா. நீங்க இன்னாத்துக்கு பயப்படறீங்க?" மீதி ஒன்பது வீட்டிலும் அதையேதான் சொல்லியிருப்பான்.

அவன் கையில் கீறல் இருந்ததால் அவனைப் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அங்கே ஏதோ தனி மருந்தைக் காயத்தைச் சுற்றிப் போட்டு, ஊசியும் தினம் அங்கேதான் என்றார்கள். எருமைப் பாலை ஊற்றிவிட்டு அவன் ரயிலேறிப் போவான். நாங்கள் எல்லாம் இங்கேயே, தாம்பரத்தில்.

முதல் நாள் தெருவில் முக்கால்வாசிப் பேர் வரிசையில் நின்றோம். ஊசி கோணி தைக்கும் ஊசி மாதிரி இருந்தது. நர்ஸம்மா தொப்புளுக்குப் பக்கத்தில் சதையைக் கிள்ளிப் பிடித்து ஏற்றியபோது எனக்குக் கண் இருட்டியது. எனக்கு முன்னால் போட்டுக்கொண்டு வந்த மேரி சுவரோரம் நின்று சொன்னாள்.

"கீய பார்க்காதீங்க சார். அந்தா கடியாரம் மாட்டிக்கீது பாருங்க, அத்த பாருங்க. முள்ளு ஒரு சுத்து வர்றதுக்குள்ள முடிஞ்சிடும்."

"உனக்கு வலிக்கலியா?"

"வலிக்காம? ஊசி கூட பரவால்ல சார். மீனு, கருவாடு, கறி எதுவும் கூடாதாம். பதினாலு நாளு வெறும் ரசம் சோறு. அதுக்கு நாயி என்னையே கடிச்சிருக்கலாம்."

வரிசையில் எல்லோரும் சிரித்தோம். டீச்சர்கூடச் சிரித்தார். மேரிக்கு நெத்திலிக் கருவாடு இல்லாமல் சோறு இறங்காது. மழை நாளில் அவள் வீட்டு அடுப்பில் கருவாடு சுடும் வாசனை எங்கள் பூஜை அறை வரைக்கும் வந்து என் மனைவியைப் பேஜார் பண்ணும்.

மூன்றாம் நாள் எனக்கு வயிறு கல்லாக வீங்கிவிட்டது. பெல்ட் போட முடியவில்லை. எட்டு ஐந்து ரயிலை விட்டு, மேனேஜரிடம் பாட்டு வாங்கியது தனி. அன்று சாயங்காலம் என் மனைவி சொன்னாள்: "பாலைக் காய்ச்சித்தானே குடிச்சோம்? பொங்கப் பொங்கக் காய்ச்சினதுல என்ன கிருமி உயிரோட இருக்கும்? போதும் விடுங்க." எனக்கும் அந்த வார்த்தைதான் வேண்டியிருந்தது. நான்காம் நாள் நான் போகவில்லை. டீச்சர் இரண்டோடு நிறுத்திவிட்டு, கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று சொல்லிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். மற்ற வீடுகளும் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டன. யாரும் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

எட்டாம் நாள் ஆபீசுக்கு லேட்டாகப் போகும்போது தாம்பரம் பிளாட்பாரத்தில் சின்னப்பனைப் பார்த்தேன். பட்டணத்தில் ஊசி போட்டுக்கொண்டு இறங்கியிருந்தான். எனக்குத் தூணுக்குப் பின்னால் ஒளியலாமா என்று இருந்தது. அதற்குள் பார்த்துவிட்டான்.

"சார்! ஆபீசு லேட்டா? ரொம்ப நல்ல மனசு சார் உங்களுக்கு. மேரி தெனம் சொல்லுது, சாரு தவறாம வந்து நிக்கிறாருன்னு. நான் வூட்டுக்கு வந்ததும் மொத கேள்வியே அதுதான். இன்னைக்கி யாரு யாரு வந்தாங்கன்னு கேப்பேன். வூடு வூடா பேரு சொல்லும். பதினோரு வூடும் வந்துகினு கீதுன்னு சொன்னப்புறம்தான் எனக்கு சோறு எறங்குது."

"ஆமா சின்னப்பா, வரட்டுமா" என்று ஓடுகிற ரயிலில் ஏறினேன். பல்லாவரம் வரும்வரை மேரி ஏன் அப்படிச் சொல்ல வேண்டும் என்று யோசித்தேன். இறங்கியதும் தோல் வாடையில் அதை மறந்துவிட்டேன்.

பதிமூன்றாம் நாள் மேரி ஊசி போட்டுக்கொண்டு தண்ணீரில் நடந்து வீட்டுக்கு வந்தபோது ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. எதிர்வீட்டுக்காரி கேட்ட பிறகுதான் அவளே குனிந்து பார்த்தாளாம். "எங்க கயண்டுச்சோ தெரில அக்கா. காலு மரத்துப்போய் கீது. மயைல நிக்கிறேன் இல்ல" என்று சிரித்திருக்கிறாள். மறுநாள் எருமையைக் கறக்கக் குந்தியவளால் எழுந்திருக்க முடியவில்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். காய்ச்சலும் தலைவலியும் வேறு. சின்னப்பன் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறான்.

"காச்சலோட போவாத மேரி. ரெண்டு நாளு கயிச்சி போட்டுக்கலாம்."

"ஒண்ணு வுடக்கூடாதுன்னு சொன்னது நீதானே? எல்லாரும் வந்து நிப்பாங்க. நான் போவலைன்னா இன்னா நெனைப்பாங்க? இன்னும் ஒண்ணுதான. போட்டுட்டு வந்து கருவாடு சுட்டுத் துன்னுட்டு படுத்துக்கறேன்."

பதினாலாவது ஊசிக்கு ரிக்‌ஷாவில் போனாள். நர்ஸம்மா கேட்டதற்குக் கால் மரத்துப்போச்சு என்று மட்டும் சொன்னாளாம், காய்ச்சலைச் சொல்லவில்லை. திரும்பி வந்ததும் சின்னப்பன் கருவாடு சுட்டு வைத்தான். அவள் தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள், கை போகவில்லை. மறுநாள் காலையில் எழுப்பினால் கண்ணைத் திறந்து அவனைப் பார்த்து, "செவல, நில்லுடி" என்றாள். அதற்கப்புறம் பேச்சே வரவில்லை.

பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு அவர்களோடு நானும் போனேன். டீச்சர்தான் கொண்டுபோய் விட ஒரு வேனுக்கு ஏற்பாடு செய்தார். வழியெல்லாம் மேரியின் தலை சின்னப்பன் மடியில் இருந்தது. "வெறி வந்துடுச்சா சார்? தண்ணியக் கண்டு பயப்படுதா பாருங்க சார்" என்று அவன் என்னையே கேட்டுக்கொண்டு வந்தான். குரோம்பேட்டையில் வேனை நிறுத்தி ஒரு கிளாஸ் தண்ணீர் வாங்கி உதட்டில் வைத்தோம். விழுங்கினாள். அதைப் பார்த்து அவன் அழுத அழுகையை என்னால் பார்க்க முடியவில்லை.

மூன்றாம் நாள் நரம்பு வார்டில் ஒரு டாக்டரம்மா எங்களை உட்கார வைத்துப் பேசினார். சின்ன வயசுதான். கண்ணைப் பார்த்துப் பேசுகிறவர்.

"இது வெறிநாய் நோய் இல்ல. அந்தப் பயத்தை விட்டுடுங்க."

"மாதாவே! அப்ப பொயச்சிக்கும் இல்லம்மா?"

"பிழைச்சுக்குவாங்க. ஆனா எவ்வளவு தூரம் தேறுவாங்கன்னு இப்ப சொல்ல முடியாது. முதுகுத்தண்டுல இருந்து தண்ணி எடுத்துப் பார்த்தோம். அதுல வெள்ளை அணு நிறைய இருக்கு. மூளையிலயும் தண்டுலயும் அதுங்க போய் உக்காந்துட்டிருக்கு. அதான் கால் வரல, பேச்சு வரல."

"வெள்ளை அணுன்னா அது ஏதாச்சும் பூச்சியாம்மா?"

"பூச்சி இல்ல. நம்ம ரத்தத்துல இருக்கிற காவல்காரங்க. வெளியில இருந்து கிருமி வந்தா அடிச்சுத் துரத்துற வேலை அதுக்கு. இப்ப நீங்க போட்டுக்கிட்ட ஊசி இருக்கே, அது ஆட்டு மூளையில செய்யறது. கிருமியை ஆட்டு மூளையில வளர்த்து, கொன்னு, அதோட சேர்த்துத்தான் ஊசியில ஏத்தறாங்க. பதினாலு நாள் தினமும் ஆட்டு மூளை உள்ள போகுது. சில பேர் உடம்புல காவல்காரங்க கிருமியை மட்டும் படிச்சுக்காம, மூளையையும் எதிரின்னு படிச்சுக்கறாங்க. அப்புறம் ஆட்டு மூளை எது, சொந்த மூளை எதுன்னு அதுங்களுக்கு வித்தியாசம் தெரியறதில்ல."

சின்னப்பன் மெதுவாகக் கேட்டான்.

"காவலுக்கு வெச்ச நாயி வூட்டுக்காரங்களையே கடிக்குதுன்றீங்க."

"அப்படித்தான்."

"அதே ஊசி நானும் பதினாலு போட்டுகினேனேம்மா. அந்த மாட்டு வாயில கைய வுட்டது நானு. எனக்கு ஏன் ஒண்ணும் ஆவல?"

"ஆயிரம், ரெண்டாயிரம் பேர்ல யாரோ ஒருத்தருக்குத்தான் இப்படி வரும். அது யாருன்னு எங்களுக்கும் முன்னாடியே தெரியாது. அந்தக் காவல்காரங்களை அடக்கறதுக்கு மருந்து கொடுத்திருக்கோம். பார்ப்போம்."

அவன் மேரியிடம் போன பிறகு டாக்டரம்மா என்னைப் பார்த்தார். "இவங்களுக்கும் மாடு கீறிச்சா?"

"இல்லங்க. கறந்தாங்க, பால் குடிச்சாங்க. அவ்வளவுதான். தெருவுல எல்லாருக்கும் சொன்னாங்க, இவங்களும் போட்டுக்கிட்டாங்க."

"காய்ச்சின பால்தானே? அதுக்கு ஒரு ஊசியும் வேண்டியதில்லையே. அவருக்குத் தேவைதான், கண்டிப்பா. இவங்களுக்கு யார் போட்டுக்கச் சொன்னது?"

'முதல்ல அவ பதினாலும் போட்டுக்கட்டும்' என்று சொன்ன வாய் அப்போது திறக்கவே இல்லை. நான் பாவி. வேறு எந்த வார்த்தையும் அதற்குப் பொருந்தாது.

வெளியே வராந்தாவில் சின்னப்பன் என் கையைப் பிடித்துக்கொண்டான். "எங்க வூட்டுல ஒண்ணு போனாலும், தெரு தப்பிச்சிது சார். வித்த பாலுக்கு எவனாவது செத்திருந்தா நான் தூக்குல தொங்கியிருப்பேன். பதினோரு வூடும் ஊசி போட்டுகினீங்களே, அது போதும்." டாக்டரம்மா சொன்னதை அவனிடம் சொல்ல அது இடமாக இல்லை. அப்புறமும் அதற்கு ஓர் இடம் வரவே இல்லை.

ஏழு வாரம் கழித்து மேரி வீட்டுக்கு வந்தாள். பேச்சு வந்துவிட்டது, நடுவில் ஒரு வார்த்தைக்குத் தடுமாறி நிற்பாள், பிறகு தேடிப் பிடித்துவிடுவாள். இடது கண் மங்கல். கால் இரண்டும் வரவில்லை. படப்பையில் கட்டிக்கொடுத்த மகள் வந்து இரண்டு மாதம் பார்த்துவிட்டுப் போனாள். சின்னப்பன் கறக்கக் கற்றுக்கொண்டான். எருமை அவனை இரண்டு முறை கீழே தள்ளியது. மேரி கொட்டகைக் கம்பத்தில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு அந்த மூக்குப் பாட்டை இழுப்பாள். அதைக் கேட்டால்தான் எருமை நிற்கும்.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பால் வாங்க நானே பாத்திரத்தோடு போனேன். சின்னப்பன் புல்லுக்குப் போயிருந்தான். மேரி பலகையில் உட்கார்ந்து வரட்டி தட்டிக்கொண்டிருந்தாள். கை மட்டும் பழைய வேகத்திலேயே இருந்தது. என்னால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"மேரி, ஒண்ணு சொல்லணும். நான் பதினாலும் போட்டுக்கல. மூணோட நின்னுட்டேன்."

"தெரியுமே சார்."

"தெரியுமா?"

"லைன்ல நான்தான நின்னேன்? டீச்சரம்மா ரெண்டு நாளு. நீங்க மூணு நாளு. நடு வூட்டு ரயில்வேக்காரரு அஞ்சு நாளு வந்தாரு, பாவம். ஏயாம் நாள்ல இருந்து நம்ம தெருல நான் ஒருத்திதான்."

"அப்புறம் ஏன் அவன்கிட்ட எல்லாரும் வந்தாங்கன்னு சொன்னே?"

அவள் சாணத்தை உருட்டினாள். ஒரு வார்த்தைக்காக நின்றாள்.

"அவரு பயந்துகினு கீறாரு சார். மாட்டு வாயில கைய வுட்டவரு. தெனம் கண்ணாடில மூஞ்சிய பார்த்துக்குவாரு, வெறி வந்துடுச்சான்னு. அதுல போயி, யாரும் வர்லய்யா, நீ சொன்னத யாரும் மதிக்கலன்னு எப்படி சொல்றது? சொன்னா வூடு வூடா போயி கால்ல வுயுவாரு. நீங்கள்லாம் கதவ சாத்திப்பீங்க."

"சரி, நாங்க நின்னுட்டோம். நீயாவது நின்னிருக்கலாமே."

"நானும் நின்னுட்டா அவரு வார்த்தைக்கு யாரு சார் கீறாங்க? பதினாலும் போட்டுக்கும்னு உங்ககிட்டதான மொத மொத சொன்னாரு."

எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. டாக்டரம்மா சொன்னதையும் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். ஒரு ஊசியும் வேண்டியதில்லை என்று. அவள் கால்கள் பலகைக்கு வெளியே ஒரு பக்கமாகக் கிடந்தன. ஈ உட்கார்ந்திருந்தது அவளுக்குத் தெரியவில்லை. நான் குனிந்து அதை ஓட்டினேன். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை.

"அவருகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க சார். எனக்கு ஆனது ஆச்சி. தெரு தப்பிச்சிதுன்னு சொல்லிகினுதான் அந்த மனுசன் தெனம் காலைல எய்ந்திரிக்கிறாரு."

சைக்கிள் மணி கேட்டது. சின்னப்பன் புல்லுக்கட்டை இறக்கிப் போட்டுவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தான். என் பாத்திரத்தை வாங்கி ஊற்றினான். பால் கெட்டியாக விழுந்தது. செவலை செத்த நாளிலிருந்து அவன் தண்ணீர் கலப்பதில்லை.

"சார், உங்களுக்குக் கையி காலு எல்லாம் ஒயுங்கா கீதா? மரத்துப்போற மாதிரி ஏதாவது கீதா? ஆயிரத்துல ஒருத்தருக்கு வரும்னு டாக்டரம்மா சொன்னதுல இருந்து எனக்கு ஒரே திகிலு. பதினாலு ஊசி போட்ட ஒடம்பு உங்களோடது. தெனம் உங்க பதினோரு வூட்டு பேரையும் சொல்லி மாதாகிட்ட கேட்டுகினு கீறேன்."

மேரி நிமிரவில்லை. வரட்டியில் ஐந்து விரலும் பதிய அழுத்திக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணும் இல்ல சின்னப்பா," என்றேன். "பதினாலும் போட்டுக்கிட்டேன். நல்லாத்தான் இருக்கேன்."

அவன் முகம் மலர்ந்தது. இன்னும் ஒரு கிளாஸ் பாலை என் பாத்திரத்தில் சேர்த்து ஊற்றினான்.